விளிம்பு வரை ஊற்றிய தட்டு

பர்ஹாம் ஒரு பெட்டி கஸ் மிட்டாயோடு ஆய்வகத்துக்குள் நுழைந்தான். "நஸ்தரனோட டாக்டர் ஒத்துக்கிட்டாரு, ஷீதே! வேற வழியில்லை, காந்தத்துக்குள்ள வெச்சுக் கொஞ்சமா கதிர் கொடுத்துப் பாக்கலாம்னாரு," என்றான்.

நஸ்தரன் அவன் மனைவி. மூளையில் கட்டி. தாங்கக்கூடிய கதிரையெல்லாம் முன்பே வாங்கிவிட்டாள். இனி முழு அளவு கொடுத்தால் கட்டிக்கு முன்னால் அவள் போய்விடுவாள். எங்கள் காந்தத்துக்கு நடுவிலோ புற்றுச் செல்கள் குறைந்த கதிரிலேயே கொத்துக் கொத்தாகச் செத்தன. அதைத்தான் அவன் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

"செல் வளக்கற தட்டை ஊட்டத் திரவத்தால நிரப்பி ஒரு தடவை பாத்துடலாமே," என்றேன்.

"எதுலயாவது ஓட்டை தேடலேன்னா உனக்குத் தூக்கம் வராதே! இருக்கறதே ஒரு புட்டி. அதையும் கொட்டணுமா?"

"கொட்டணும். நீயே வந்து ஊத்து."

செல்களுக்கான ஊட்டத் திரவம் பொருளாதாரத் தடையால் இஸ்ஃபஹானுக்கு வருவதே அபூர்வம். அதனால் கதிர் பாய்ச்சும்போது அதை உறிஞ்சி எடுத்துவிட்டு, வெறும் ஈரத்தோடு செல்களை வைப்போம். வீணாகாமல் மிச்சம் பிடிக்கிறோம் என்று பெருமை வேறு, எங்கள் புத்தியைச் சொல்ல வேண்டும். செல்களுக்கு மேலே காற்று. காற்றில் தப்பியோடும் எலக்ட்ரான்களைக் காந்தம் வளைத்துத் திரும்பச் செல்கள் மேலேயே போட்டுவிடும். கதிர் குறைவு என்று நாங்கள் நினைத்திருக்க, செல்கள் கூடுதலாகவே வாங்கியிருக்கலாம். மண்டைக்குள் அந்தக் காற்று கிடையாது.

பர்ஹாம் தட்டுகளை விளிம்பு வரை நிரப்பினான். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கதிர் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்துச் சாயமேற்றிப் பார்த்தோம். காந்தத்துக்குள் இருந்த தட்டிலும் வெளியே இருந்த தட்டிலும் செல்கள் ஒரே மாதிரி மதமதவென்று வளர்ந்திருந்தன. அவற்றை நான் அப்படி வெறுத்ததே இல்லை.

"இன்னொரு தடவை பாக்கலாமா?" என்றான்.

"திரவம் தீந்துபோச்சு. இருந்தாலும் இதேதான் வரும், பர்ஹாம்."

"நேத்து அவ தலைமுடியை வழிச்சுக்கிட்டா. கதிர் கொடுக்கறப்ப தலை அசையாமப் பிடிக்கற முகமூடி நல்லாப் பதியணுமாம்."

அவன் கைபேசி அடித்தது. நஸ்தரன். எடுக்காமல் என்னிடம் நீட்டினான்.

"எப்ப ஆரம்பிக்கறீங்க, ஷீதே?" என்றாள்.

"ஆரம்பிக்கல, நஸ்தரன். நாங்க தப்பாப் பாத்துட்டோம். காந்தத்தால ஒண்ணும் ஆகல."

"பர்ஹாமை வண்டி ஓட்ட விடாதே," என்றாள். "நீயே கூட்டிட்டு வா."