பிணத்தின் தலைமாட்டில் வாத்து

மூன்று வருடத்தில் நூற்றெண்பத்து மூன்று குட்டி ஊமைப்படம் எடுத்தவன் லெமுவல் கேட்ஸ். வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. ஒன்றிலாவது அவன் பெயர் உண்டா? கிடையாது. வாத்துதான் இருந்தது. திருடர்கள் படத்தை நகலெடுத்துத் தங்களுடையது என்று விற்றுவிடுவார்களாம். அதற்காக முதலாளி ரீட்லர் கம்பெனி முத்திரையான வாத்தைத் தகரத்தில் வெட்டி, ஒவ்வொரு காட்சியிலும் எங்காவது ஆணி அடிக்கச் சொல்லியிருந்தார். லெமுவலும் அடித்தான். அரண்மனைச் சுவரில் அடித்தான், காட்டு மரத்தில் அடித்தான், ஒருமுறை பாதிரியாரின் பிரசங்க மேடையிலும் அடித்தான். சோறு போடுகிற வாத்தாயிற்றே!

நூற்றெண்பத்து நான்காவது படத்தின் கடைசிக் காட்சியில் மட்டும் அடிக்கவில்லை. செத்த பிள்ளையின் கட்டிலருகே தாய் உட்கார்ந்திருக்கும் காட்சி அது. தாயாக நடித்த ஒடெஸா நிஜமாகவே ஒரு பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். எப்போதும் தகரக் குழலில் கத்தி நடிகர்களை விரட்டுகிற லெமுவல், அன்று வாயே திறக்கவில்லை. அவள் அழுது முடித்தபோது கேமராக்காரனும் அழுதுகொண்டிருந்தான்.

மறுநாள் காலை ரீட்லர் அதைப் போட்டுப் பார்த்தார்.

“யோவ், வாத்து எங்கய்யா?”

“இந்த ஒரு காட்சிக்கு வேணாம் முதலாளி. பிணத்துத் தலைமாட்டுல வாத்து நின்னா நல்லாவா இருக்கும்?”

“எவனாவது திருடிட்டுப் போனா உங்கப்பனா குடுப்பான்? திரும்ப எடு.”

“அந்தம்மா இன்னொரு தடவை அப்படி அழ மாட்டாங்க.”

“வெங்காயம் வாங்கித் தர்றேன்.”

லெமுவலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரீட்லர் குரலைத் தணித்தார். “உன் பேரைப் போடச் சொல்லி மூணு வருஷமா உயிரை எடுக்கறே. சரி, போடறேன். படம் ஆரம்பிக்கிற முதல் எழுத்தட்டையிலேயே போடறேன். வாத்தை அடி.”

மதியமே மேடையில் கட்டில் போட்டாகிவிட்டது. லெமுவல் சுத்தியலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு சுவரருகே போனான். ஆம், போனான்! பெயர் ஆசை யாரை விட்டது?

“அடிச்சுடு தம்பி,” என்றாள் ஒடெஸா, முகத்துக்கு மாவு பூசிக்கொண்டே. “எனக்கும் வயிறு இருக்கு. வெங்காயமே போதும்.”

அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. சுத்தியலை ரீட்லரின் காலடியில் வீசினான்.

“மூணு வருஷம் உன் வாத்தைச் சுமந்தேன்யா! உன் அட்டையும் வேணாம், உன் வேலையும் வேணாம். நீயே அடிச்சுக்கோ!”

அடுத்த மாதம், வேலை தேடிப் போயிருந்த லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கொட்டகைக்கு அந்தப் படம் வந்தது. ஐந்து சென்ட் கொடுத்து உள்ளே போனான். முதல் அட்டையிலேயே கொட்டை எழுத்தில், ‘இயக்கம்: லெமுவல் கேட்ஸ்’. அந்தக் கிழட்டு நரிக்கும் மனசு இருக்கிறதே என்று நினைத்தான், ஏமாளி.

கடைசிக் காட்சியில் செத்த பிள்ளையின் தலைக்கு நேர் மேலே, தாம்பாளம் அளவுக்கு வாத்து நின்றது. அவன் போன பிறகு ரீட்லரின் மச்சான் எவனாவது எடுத்திருப்பான். ஒடெஸா எங்கோ பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். முன் வரிசையில் எவனோ “குவாக்” என்றான். கொட்டகையே கொல்லென்று சிரித்தது.

பக்கத்து இருக்கைக்காரன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். “எந்த மடையன்யா இதை எடுத்தது? ஆரம்பத்துல பேர் போட்டானே, என்ன அது?”

லெமுவல் பல்லைக் கடித்தான்.

“லெமுவல் கேட்ஸ்.”

“நல்ல வேளை சொன்னீங்க,” என்றான் அவன். “இனிமே அந்தப் பேரைப் பார்த்தா வாசலோட திரும்பிடுவேன்.”