மாவுப் பக்கம், குச்சிப் பக்கம்

கணவர் லாரியோடு போனால் திரும்ப மாதமாகும். அதனால் வீடும், நானூறு கறிக்கோழிகள் வளரும் கொட்டகையும் அண்ணியின் பொறுப்பு. மக்காச்சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் அரைத்து, தாது உப்பு தூவி, மண்வெட்டியால் புரட்டிப் புரட்டி அவளே தீவனம் கலப்பாள். முடிக்கும்போது புருவம்கூட வெளுத்திருக்கும்.

கூட இருந்தவள் நாத்தனார். தீவன ஆலையில், மாவை நீராவியில் பதமாக்கிக் குச்சி குச்சியாக அழுத்தித் தள்ளும் இயந்திரத்தை ஓட்டுபவள்.

"அண்ணி, உங்க மாவையே குச்சியாக்கித் தரேன். கோழி நல்லா எடை போடும்."

"பல்லே இல்லாத ஜீவன்டி. கட்டியா போட்டா எப்படித் திங்கும்?"

"மாவை மட்டும் மென்னா திங்குது?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி, பார்த்துவிடலாம் என்று கொட்டகையின் நடுவே வலை கட்டினார்கள். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள், பக்கத்துக்கு இருநூறு. கலவையும் ஒன்றே. ஒரு பக்கம் மாவு, மறுபக்கம் குச்சி.

மூன்றாம் நாளே நாத்தனார் முழுக்குச்சியைக் கொட்டினாள். குஞ்சுகள் கொத்திப் பார்த்துவிட்டுக் கீழே போட்டன. அண்ணி வலையைத் தாண்டி வந்துவிட்டாள்.

"பச்சப்பிள்ளை தொண்டை எவ்ளோ இருக்கும்? உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா?"

சொல்லிக்கொண்டே உட்கார்ந்து, குச்சிகளைக் குழவியால் நொறுக்கிக் குருணையாக்கிக் கொடுத்தாள். இரண்டு வாரம் அந்தக் குருணைதான். பிறகே முழுக்குச்சி.

இருபத்திரண்டாம் நாள் மதியம் ஆலைக்கு அண்ணியின் போன் வந்தது. "உடனே வா. உன் கோழிங்க எல்லாம் சாய்ஞ்சு கிடக்குது. டாக்டரை வரச் சொல்லிட்டேன்."

நாத்தனார் சட்டையில் ஒட்டிய மாவைக்கூடத் தட்டாமல் ஓடி வந்தாள். குச்சிப் பக்கத்தில் கோழிகள் கால் நீட்டிப் படுத்துக் கிடந்தன. நடுவில் அண்ணி, மடியில் ஒரு கோழியோடு, கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள்.

கால்நடை மருத்துவர் குனிந்து நாலைந்தைத் தூக்கிப் பார்த்தார். இரைப்பையை அமுக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நோயும் இல்ல நொடியும் இல்லம்மா. வயிறு ரொம்பி தூங்குது."

"பட்டப்பகல்லயா? என் பக்கம் பாருங்க, நாளெல்லாம் கொத்திக்கிட்டே இருக்குதே!"

"மாவா இருந்தா அப்படித்தான். அதே அளவு தீனிக்கு ரொம்ப நேரம் கொத்தணும். சோளத் துணுக்கைப் பொறுக்கிட்டு மத்ததை ஒதுக்கும், பாதி கீழ விரிச்ச கூளத்துல சிந்தும். குச்சியில ஒரு கொத்துலயே எல்லாச் சத்தும் வாய்க்குள்ள போயிடும். மிச்சப்படுற தெம்பு உடம்புல சேருது."

அவர் போனதும் நாத்தனார் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் கோழி செத்திருந்தா நீங்கதானே ஜெயிச்சிருப்பீங்க?"

"போடி. நீ அழுவியேன்னு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

 நாத்தனார் அண்ணியின் தோளில் சாய்ந்துகொண்டாள். அண்ணி "ஸ்" என்று முனகினாள். மண்வெட்டி பிடித்த தோள் அது. எத்தனை நாள் வலியோ, யாரிடமும் சொன்னதில்லை.

முப்பத்தைந்தாம் நாள் எடை போட்டார்கள். குச்சிப் பக்கக் கோழி ஒவ்வொன்றும் சராசரியாகக் கால் கிலோ கூடுதல். ஆனால் அவற்றில் மூன்று, உடம்பு மளமளவென்று ஏறியதில் கால் தாங்காமல் நொண்டின. அதை முதலில் கவனித்தவளும் அண்ணிதான்.

"அடுத்த தடவை எல்லாத்துக்கும் குச்சியே போடலாம். ஆனா கொஞ்சம் அளந்து போடணும். சரியா?"

"சரி. கலக்குறதும் இனி ஆலையிலதான். நீங்க அளவு சொன்னா போதும், மண்வெட்டியைத் தொடக் கூடாது."

அன்று மாலை லாரிக்காரர் போன் செய்தார். "என்ன, யாரு ஜெயிச்சது?"

"உங்க தங்கச்சிதான்," என்றாள் அண்ணி. குரலில் பெருமை வழிந்தது.