இரண்டாவது பொத்தான்

1

"மெஷின நிறுத்துங்க சார்."

இந்தக் கதை பிறந்தது இந்த ஒரு வரியில்தான். கும்மிடிப்பூண்டியில் தகடு அழுத்தும் கம்பெனி ஒன்றில் பூமிகா சேர்ந்த அன்றே மேனேஜர் சபரிநாதன் சொல்லியிருந்தார்: "லீவு கேளு, கேன்டீன்ல ரெண்டாவது முட்டை கேளு. மெஷின நிறுத்துன்னு மட்டும் கேக்காதம்மா."

[முதல் வரைவு: "பனி விலகாத சிப்காட் சாலையில்..." பனியாவது! லாரிப் புகை. அடித்துவிட்டேன்.]

2

பள்ளிப்பட்டுக்காரி. குடும்பத்தில் முதல் பட்டதாரி; அதாவது, அவள் பார்க்கும் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. மெஷினை எப்படி ஓட்டுவது என்று எழுதித்தருவது. 'வாசகரை அறிந்து எழுது' என்று கல்லூரியில் இரண்டு செமஸ்டர் நடத்தினார்கள். அந்தப் பாடத்தில் முதல் மார்க். வாசகரைக் காட்டத்தான் யாரும் கூட்டிப்போகவில்லை.

தகடு அழுத்தும் மூன்றாம் நம்பர் பிரஸ் மெஷினுக்கு அவள் எழுதிய அட்டை: "இரண்டு பொத்தான்களையும் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தவும்." கை இரண்டும் பொத்தானில் இருந்தால், இறங்கும் இரும்பில் விரல் சிக்காது. அழகான தமிழ். லேமினேஷன் வேறு.

3

பாதுகாப்பு ஆடிட்டுக்கு முந்தின நாள் போய்ப் பார்த்தாள். ஆணியில் அட்டை இல்லை. அந்த மெஷினை ஓட்டும் ஹெலன் ஒரு கையால் தகட்டை வைத்து, மறு கையால் பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அட்டை எங்க?"

"இதோ கீதே. ரெண்டாவது பொத்தான் எழும்பாம சொருவிக்கினேன். முன்னல்லாம் தீப்பெட்டி அட்டை, நசுங்கிப் பூடும். உன்னுது கெட்டி."

(கோட்பாடும் நடைமுறையும் இணைவதைப் பற்றிக் கருத்தரங்கு போடுகிறவர்கள் வந்து பார்க்கலாம். நான்காக மடித்து இணைத்திருந்தார்கள்.)

"படிச்சீங்களா?"

"ஷோக்கா எழுதிக்கீற. ரெண்டு கையும் பொத்தான்ல வெச்சிக்கினா தகட்ட உன் மாமியாரா வந்து வெப்பா? மணிக்கு நானூறு தகடு கேக்கறாங்க. நீ எழுதின மாதிரி செஞ்சா முந்நூறு தாண்டாது."

அந்த நானூறு அவள் பாடத்தில் இல்லை.

4

சபரிநாதன் ஆடிட் படிவத்தோடு வந்தார். "வேற அட்டை மாட்டிடு. 'பயிற்சி கொடுத்துச் சரிபார்த்தேன்'னு இதுல கையெழுத்துப் போடு."

அப்போதுதான் பூமிகா அந்த முதல் வரியைச் சொன்னாள்: "மெஷின நிறுத்துங்க சார்." கூடவே, "மணிக்கு முந்நூறுன்னு மாத்துங்க."

"படிச்ச திமிரு" என்றார்.

"பேஜாரு பண்ணாத தங்கச்சி," என்றாள் ஹெலன். "மெஷின் நின்னா என்னத்தான் ஊட்டுக்கு அனுப்புவாங்க."

இங்கே எனக்குப் பூமிகாமேல் சந்தேகம் வந்தது. வீரம் இவளுக்கு, வேலை போவது அவளுக்கா? மூன்று நாள் எழுதவில்லை.*

* ஒரு வரைவில் ஹெலனின் விரலை எடுத்தேன். உங்களுக்குக் கண்ணீர் வந்திருக்கும். ஹெலனுக்குப் பத்தும் வேண்டும். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

5

பூமிகா படிவத்தை வாங்கி எழுதினாள்: "சரிபார்த்தேன். மூன்றாம் நம்பரில் ஒரு பொத்தானை அடைத்துத்தான் ஓட்டுகிறார்கள். மணிக்கு நானூறு கேட்டால் வேறு வழியில்லை." கையெழுத்துப் போட்டு, செல்போனில் படமெடுத்துக்கொண்டாள்.

"அதுல என் பேரு எங்கனா கீதா?" என்றாள் ஹெலன்.

"இல்லக்கா. என் பேரு மட்டும்தான்."

சபரிநாதன் தாளைப் பிடுங்கினார். பூமிகா அடையாள அட்டையைக் கழற்றி அவர் கையிலேயே வைத்தாள்.

[அவர் திருந்தினார் என்று ஒரு... வேண்டாம்.]

ஹெலனின் வேலையும் விரலும் என்னவாகும் என்று என்னைக் கேட்காதீர்கள்; முடித்துக்கொள்வது உங்கள் பாடு. திருவள்ளூரில் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தை மாலை பூட்டிவிடுவார்கள். செல்போனில் அந்தப் படத்தோடு பூமிகா கேட்டைத் தாண்டிவிட்டாள்.