மைக்கில் சொன்னது

வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து பாஸ்டரம்மா முணுமுணுத்துக்கொண்டே வருவதைப் பின்னால் இருப்பவர்கள் ஜெபம் என்று நினைத்தார்கள். ஜெபமும் இல்லை, ஸ்தோத்திரமும் இல்லை. "பள்ளம். எதிர்ல லாரி. இடது பக்கம் ஒதுங்குங்க. சைக்கிள், சைக்கிள்," என்று அவள் ரோட்டைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். ஓட்டுகிறவர் பாஸ்டர். அவருடைய இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. இந்த வயதிலும் புருஷனை விட்டுப் பிரியாமல் கூடவே போகிறாளே என்று தெருவே மெச்சிக்கொண்டது. மெச்சட்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளல்லவா.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரச் சபை வாங்கிய வேன் அது. முதல் மாதத்திலேயே அது தெருவின் ஆம்புலன்ஸ் ஆகிவிட்டது. நெஞ்சுவலி, பிரசவவலி, சாரத்திலிருந்து விழுந்தவன், எதுவானாலும் முதலில் தட்டுவது பாஸ்டர் வீட்டுக் கதவைத்தான். சபையின் டிரம் சத்தம் காதைக் கிழிக்கிறது என்று போலீசுக்குப் போன எதிர்வீட்டுக்காரரையே இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். கேட்பாரற்றுப் போன பிணங்களுக்குக் குழி வெட்டி, ஜெபம் பண்ணி, மண் தள்ளியிருக்கிறார். தெருப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மாட்டோம் என்றால், சேர்க்கிறவரை தலைமையாசிரியர் அறை வாசலை விட்டு நகரமாட்டார். பிடித்த பிடி பிடித்ததுதான்.

அந்தப் பிடிதான் இப்போது பாஸ்டரம்மாவின் பிராணனை வாங்கியது. ஊரையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போகிற மனுஷன், தான் மட்டும் அந்தப் படி ஏறமாட்டார். வாலிப வயதில் ஒரு காய்ச்சல் வந்து, டாக்டர்கள் கைவிரித்து, ஜெபத்தில் எழுந்து உட்கார்ந்தவர் அவர். அன்றிலிருந்து ஒரு மாத்திரை அவர் நாக்கில் பட்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் சபையின் ஆண்டு ஆராதனையில் அதை மைக்கைப் பிடித்துச் சாட்சியாகச் சொல்லுவார். சபை எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்லும்.

கண் ஆஸ்பத்திரிக்கு யாரையோ கொண்டுபோன அன்று அவள் நர்ஸிடம் மெல்ல விசாரித்து வைத்திருந்தாள். ஒன்றும் பெரிய வேலையில்லை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்றாள் நர்ஸ். வீட்டில் வந்து சொன்னால் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இத்தனை வருஷமா சொன்ன சாட்சிய நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? நானே கத்திக்குத் தலைய நீட்டினா சபை இடறிப்போகும்."

"வண்டி யார் மேலயாவது இடிச்சா?"

"கர்த்தர் பாத்துக்குவார்."

"அவர் பாக்குறதுக்கு முன்னாடி நானில்ல பாத்துச் சொல்ல வேண்டியிருக்கு," என்றாள். அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் பெயின்டரின் மனைவியைப் பிரசவத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்சீட்டில் அந்தப் பெண் போட்ட அலறலில் பாஸ்டரம்மா ஒரு நொடி தலையைத் திருப்பிவிட்டாள். முன்னால் திரும்பியபோது ஒரு சின்னப்பெண் பந்தைத் துரத்திக்கொண்டு ரோட்டில் நின்றது. "நிறுத்துங்க" என்று அவள் கத்திய கத்தலில் வேன் குலுங்கி நின்றது. சக்கரத்தடியில் பந்து வெடித்தது. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை, பந்துக்காக அழுதது, அவ்வளவுதான். "என்ன சத்தம் அது?" என்று கேட்டார் பாஸ்டர். பெயின்டருக்கு ஆண்குழந்தை பிறந்தது. தெருவே சந்தோஷப்பட்டது. அவள் மட்டும் அந்த வாரம் முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் பாஸ்டரம்மா எழுந்தாள். சாட்சி என்றால் ஒரு வசனம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறவள். அன்றைக்கு உட்காரவில்லை.

"ஐயாவுக்குக் கண்ணு தெரியல. ரெண்டு வருஷமா நான் ரோட்டச் சொல்றேன், அவர் ஓட்டுறார். வசனம் வாசிக்கிறதெல்லாம் மனப்பாடம். போன வாரம் ஒரு குழந்தை தப்பிச்சது. இனிமே என்னால முடியாது."

சபை திகைத்துப்போயிற்று. பிறகு தனக்குத் தெரிந்ததைச் செய்தது. எல்லோரும் எழுந்து வந்து அவரைச் சூழ்ந்துகொண்டு, தலையிலும் தோளிலும் கைவைத்து ஜெபித்தார்கள். அழுகையும் அந்நிய பாஷையுமாகக் கூரை அதிர்ந்தது. தொண்டை வற்றி ஓய்ந்தபோது டெய்லர் அண்ணன் கேட்டார், "ஐயா, தெரியுதா?"

பொய் சொல்லத் தெரியாதவர் பாஸ்டர். கேட்காதவரை மறைப்பார், கேட்டுவிட்டால் மாட்டார். "இல்லப்பா. நீ வெள்ளையா தெரியுற, அவ்வளவுதான்."

"அப்ப ஆபரேஷன் பண்ணிக்கலாமே ஐயா."

"நானே போனா நீங்கல்லாம் என்ன ஆவீங்க?"

டெய்லர் அண்ணன் தலையைச் சொறிந்தார். சட்டைப்பையில் கைவிட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். "நாங்க போயிட்டுத்தான் இருக்கோம் ஐயா. சுகருக்கு. ரொம்ப வருஷமா." பெண்கள் பக்கத்தில் ஒரு கைப்பை திறந்தது. இன்னொன்று திறந்தது. பிரஷருக்கு ஒன்று, மூட்டுவலிக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று. டிரம் அடிக்கிறவன் பின்பாக்கெட்டிலிருந்து ஆஸ்துமா பம்பை எடுத்துக் காட்டினான். குட்டு ஒவ்வொன்றாக உடைய உடைய ஆளாளுக்குச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"ஏம்பா என்கிட்ட யாரும் சொல்லல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்."

பாஸ்டரும் சிரித்துவிட்டார். பாஸ்டரம்மாவுக்கு ஒரு பாரம் இறங்கியது. அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து கொத்தனாரக்கா எழுந்தாள். கொத்தனாரான புருஷன் இறந்து நாலு வருஷமாகியும் அவரை வைத்தே அவளை அழைத்தார்கள். சித்தாள் வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைக் கரையேற்றுகிறவள், அதிகம் வாய் திறக்காதவள்.

"எங்க வீட்டுக்காரருக்கு இப்படி மறைச்சு வச்சுக்கத் தெரியல ஐயா," என்றாள். "பிரஷர் மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தார். உங்க சாட்சியக் கேட்ட அன்னைக்கு வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டார். ஐயாவுக்கு இருக்கிற விசுவாசம் எனக்கு இருக்கக்கூடாதான்னு கேட்டார். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்கதான வேன்ல எடுத்துட்டு வந்தீங்க."

திறந்த கைப்பைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

"உங்களக் குத்தம் சொல்ல எந்திரிக்கல. கண்ணுக்குப் போங்க ஐயா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பாஸ்டர் நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தார். ஆசீர்வாத ஜெபத்தை உட்கார்ந்தபடியே சொன்னார். பாதியில் நின்றுபோன அதை டெய்லர் அண்ணன் முடித்து வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் கொடுத்தாள், டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "நான் என்னப் பத்தித்தான சொன்னேன்?" என்று கேட்டார். "யாரையும் மாத்திரைய விடுன்னு நான் சொல்லலியே."

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள் பாஸ்டரம்மா. அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் அந்தச் சாட்சிக்கு வருஷாவருஷம் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. கொத்தனார் மாத்திரையை விட்டது அவளுக்கும் தெரியாது.

"சொல்லல," என்றாள். "ஆனா மைக்ல சொன்னீங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து வேன் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தார். பேசக்கூடாது, ஓய்வெடுக்க வேண்டும் என்று பாஸ்டரம்மா ஒற்றைக் காலில் நின்றாள். பலிக்கவில்லை. பிரசங்க மேடையில் பைபிளுக்குப் பக்கத்தில் கண்சொட்டு மருந்துப் புட்டியை வைத்துவிட்டு, மைக்கை வாய்க்கு நேராகத் திருப்பினார்.

"கொத்தனார் என் பேச்சை நம்பி மாத்திரைய விட்டார். அது என் தப்பு. அத இந்த மைக்லதான் சொல்லணும்னு வந்தேன். மாத்திரை சாப்பிடுறவங்க சாப்பிடுங்க. கர்த்தர் கோவிச்சுக்க மாட்டார். என் சாட்சி இனி இதுதான்."

ஸ்தோத்திரம் சொல்வதா வேண்டாமா என்று சபைக்குத் தெரியவில்லை.

"எனக்கு மருந்து போடுற நேரம். கொத்தனாரக்கா, நீங்க வந்து போட்டுவிடுறீங்களா? வேண்டாம்னா பரவாயில்ல."

பாஸ்டரம்மா திரும்பிப் பார்த்தாள். கொத்தனாரக்கா உட்கார்ந்தே இருந்தாள். வரமாட்டாள் என்றுதான் தோன்றியது, வராவிட்டாலும் அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. பிறகு எழுந்தாள். வெளியே போனாள். குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சிமென்ட் அரித்த கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தாள்.

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். நாலு வருஷத்தில் அவள் எவ்வளவு நரைத்துப்போயிருக்கிறாள் என்பதை அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். கண் நிறைந்துவிட்டது.

"அழாதீங்க ஐயா, மருந்து நிக்காது," என்றாள் கொத்தனாரக்கா. "மேல பாருங்க."