மிச்சக் குறி

ஜெராருக்கு இரண்டு ஓட்டு விழும் என்பதில் லாங் மவுண்டன் குழாயடியில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. ஒன்று அவருடையது, மற்றது அவர் மனைவி எவெலினுடையது. சச்சரவெல்லாம் அந்த இரண்டாவது ஓட்டைப் பற்றித்தான்.

"வீட்டுக்குள்ள அவர்கிட்ட மாட்டிக்கிட்டுப் பாடுபடறவ அவ. அவளே போடுவான்னு என்ன நிச்சயம்?" என்றாள் மிரெய்.

சொல்லிவிட்டுத் திரும்பினால், வாளியோடு எவெலினே வரிசையில் நிற்கிறாள். மிரெய்க்கு நாக்கைக் கடித்துக்கொள்ளும் பழக்கமெல்லாம் கிடையாது. "உன்னப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம், எவெலின். நல்லதா ஒண்ணும் இல்ல" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

விஷயம் இதுதான். கிராம சபைக்குத் தேர்தல் வந்திருந்தது. கரோல் புயல் ஊர்க் கூரைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. சுதந்திரம் வருமா, வந்தால் யாருக்கு வரும் என்று தீவின் தலைநகர் போர்ட் லூயியில் பெரிய மனிதர்கள் மேடை போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். லாங் மவுண்டனில் பேச்சு அவ்வளவு தூரம் போகவில்லை. மலையடிச் சந்துக்கு ஒரு குழாய் வருமா என்பதோடு நின்றுகொண்டது. சந்து முழுக்கப் பெரிய ரோட்டுக் குழாயிலிருந்துதான் மேட்டில் தண்ணீர் சுமந்தது. "எவன் ஜெயிச்சாலும் இந்த மேட்டுல தூக்கப்போறது நாமதான்" என்பது மிரெய்யின் அரசியல் கொள்கை. அதை மறுக்க இதுவரை யாருக்கும் ஆதாரம் கிடைத்ததில்லை.

ஊரில் இரண்டு கூட்டம். கடைக்கார ஐயாசாமியுடையது ஒன்று. காவடி புறப்படும்போது முன்னால் நடக்கிறவர், அரிசியும் கெரசினும் கொடுக்கிறவர். பஸ்காரர் ரோபெருடையது மற்றொன்று. அவரைப் பகைத்துக்கொண்டால் கை காட்டினாலும் பஸ் நிற்காது. சபையில் பன்னிரண்டு இடம். ஐயாசாமி பக்கம் பதினொரு பேர்தான் தேறினார்கள். பன்னிரண்டாவது இடத்துக்கு மருமகன்கள் இருவரும் ஆசைப்பட்டதால், குடும்பம் உடையாமலிருக்க அவர் யாருக்குமே அதைக் கொடுக்கவில்லை. ரோபெர் பக்கமும் பதினொன்றுதான். தன்னோடு சண்டை போடாத பன்னிரண்டாவது ஆளை அவரால் அந்த ஊரில் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில், எந்தக் கூட்டமும் அழைக்காமல், தன்னந்தனியாக ஜெரார்.

ஜெராரின் முப்பாட்டனார் பாண்டிச்சேரியிலிருந்து கரணையோடு வந்து இறங்கிய கொத்தனார். அதை இப்போது வீட்டில் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. பேரப்பிள்ளைகள் காலத்துக்குள் கரணை பிரெஞ்சாக மாறிவிட்டது. ஜெரார் ரயில்வேயில் டிக்கெட் கிளார்க். டிக்கெட் கேட்கிறவரின் பிரெஞ்சைத் திருத்திவிட்டுத்தான் டிக்கெட்டை நீட்டுவார். திருத்தம் முடிவதற்குள் ரயிலைத் தவறவிட்டவர்கள் உண்டு. அவர்கள் எல்லோரும் இன்றைக்கு ஓட்டர்கள்.

பயணிகள் ரயிலை நிறுத்தியபோது ஜெராரும் நின்றுபோனார். தொப்பி ஆணியில் ஏறியது. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, முகத்தில் நரைத்த தாடி, எதைக் கேட்டாலும் ஒரு "ம்". எவெலின் ஊருக்குத் துணி தைத்துக் கொடுத்து வீட்டை நடத்தினாள். ஒருநாள் பள்ளிக்கூடச் சுவரில் தேர்தல் அறிவிப்பைப் படித்துவிட்டு வந்தவர், அலமாரியைத் துழாவி சவரக்கத்தியை எடுத்தார். அடுப்படியில் கரண்டியோடு நின்ற எவெலின் ஒரு சீழ்க்கைச் சத்தம் கேட்டாள். குருவியாக்கும் என்று நினைத்தாள். எட்டிப் பார்த்தால், கன்னமெல்லாம் சோப்பு நுரையோடு ஜெரார்.

குழாய் வருமென்று எவெலினுக்கும் நம்பிக்கை இல்லை. ஓட்டால் உலகம் மாறும் என்றும் அவள் நினைக்கவில்லை. ஆனால் ஓட்டு எண்ணுகிற நாளில் இரண்டே இரண்டு என்று ஊர் நடுவில் படித்தால் இந்த மனிதர் அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போவார், அப்புறம் எழுந்திருக்க மாட்டார் என்பது மட்டும் அவளுக்கு நிச்சயம். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சீழ்க்கை.

ஓட்டுப் போடும் விதத்தை விளக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு அதிகாரி வந்தார். ஊர் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டது. சீட்டில் எல்லாப் பெயரும் இருக்கும், பன்னிரண்டு பேருக்கு நேரே பெருக்கல் குறி போடலாம், கூடினால் செல்லாது, குறைந்தால் செல்லும் என்றார். எவெலின் ஒருத்திதான் கொட்டாவியை நடுவில் நிறுத்தினாள். பதினொன்று போக, ஆளுக்கு ஒரு குறி மிச்சம் இருக்குமே. எதிர்க்கூட்டத்துக்குப் போட யாருக்கும் மனசு வராது. அந்த மிச்சம் எங்கே போகும்?

தையல்காரிக்கு மிச்சத் துணி கண்ணில் பட்டால் சும்மா இருக்க முடியுமா?

மறுநாள் புட்டு அவித்து, மேலே தேங்காய்ப்பூ தூவி, தட்டை மூடிக்கொண்டு ஐயாசாமி வீட்டுப் பின்வாசலுக்குப் போனாள். ஐயாசாமியின் மனைவியை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும்.

"என்ன விசேஷம்? உங்க வீட்டுப் புட்டு எங்க வீட்டுக்கு வருது?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் இல்லக்கா. சும்மா."

"சும்மா யாரும் தேங்காய்ப்பூ போட மாட்டாங்க. சொல்லு."

எவெலின் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஜெயிக்கணும்னு கேக்கலக்கா. ஊரு சிரிப்பாச் சிரிக்காம இருந்தா போதும். உங்க பதினொண்ணு போக ஒண்ணு மிஞ்சுதில்ல, அத நீங்க ஒருத்தர் மட்டும் அவருக்குப் போட்டுடுங்க. யாருக்கும் தெரிய வேணாம். அவருக்குத் தெரிஞ்சா செத்துடுவாரு."

அக்கா ஒரு வாய் புட்டு எடுத்துப் போட்டுக்கொண்டு யோசித்தாள். "உன் புருஷன் ஒருநாள் எங்க அப்பாவ ஸ்டேஷன்ல நிக்க வச்சுப் பாடம் எடுத்தாரு. ரயில் போயிடுச்சு. ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"எங்கப்பா சாகிற வரைக்கும் அந்த வார்த்தையச் சரியாச் சொன்னாரு" என்றாள் அக்கா. "சரி போ. போடறேன். யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

மிரெய்யிடம் தட்டு தேவைப்படவில்லை. "இதுக்கா முகத்தத் தூக்கி வச்சிருக்கே? என் ஓட்டுல எந்தக் குழாயும் வரப்போறதில்ல, உன் புருஷனுக்காவது உபயோகப்படட்டும்" என்றாள். "ஆனா வெளிய சொல்லிடாதே. அந்த ஆளுக்கு ஓட்டுப் போட்டேன்னு தெரிஞ்சா குழாயடியில என் மானம் போயிடும்."

எவெலின் அதோடு விட்டிருக்கலாம். நான்கு விழும், போதும். ஆனால் தைத்த ரவிக்கையைக் கொடுக்கப் போன வீட்டில் வார்த்தை தானாக வந்தது. கொக்கி மாட்டித் தரப் போன வீட்டில் வந்தது. பூசைக்குப் போன இடத்தில், ஜெபமாலையை உருட்டிக்கொண்டே பக்கத்துப் பெண்ணிடம் வந்தது. எல்லோரிடமும் ஒரே வாக்கியம்: நீங்க ஒருத்தர் மட்டும், யாருக்கும் தெரிய வேணாம். குழாயடியில் கிளம்பிய செய்தி வாளி வீடு சேரும் முன்னே நான்கு அடுப்படிக்குப் போய்விடுகிற ஊர் அது. அந்த ஊர் இந்த ஒரு ரகசியத்தை மட்டும் காப்பாற்றியது. வெட்கமாக இருந்தது, அதனால் காப்பாற்றியது. புருஷனிடம் மட்டும் சொன்னார்கள். புருஷன்மாரும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

தேர்தலன்று ஜெரார் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். வயிற்றுப் பக்கம் பொத்தான் சேரவில்லை. எவெலின் ஊசி நூலோடு வாசல் வரைக்கும் ஓடினாள். ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவள் தையல் மெஷினில் உட்கார்ந்தாள்; ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை தைத்து வைத்தாள். சாயங்காலம் அக்கா மூச்சிரைக்கச் சந்தேறி வந்தாள். அவள் வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

"எவெலின், என்னடி செஞ்சே? உன் புருஷன் முதல் இடம். எங்க வீட்டுக்காரரு ரெண்டாவது. கடைய மூடிட்டு உள்ள உக்காந்திருக்காரு."

"நீங்க ஒருத்தர்தானே அக்கா..."

"நான் ஒருத்திதான்னு நானும் நினைச்சேன். ஊரெல்லாம் நான் ஒருத்தியாம்" என்று அக்கா வாசலிலேயே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். ஐயாசாமி ஆட்கள் ரோபெருக்குப் போடவில்லை, ரோபெர் ஆட்கள் ஐயாசாமிக்குப் போடவில்லை. இரண்டு பக்கமும் போட்டது ஜெராருக்கு ஒருவருக்குத்தான்.

எவெலினுக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணும் இடத்தில் ஜெரார் நின்றுகொண்டிருப்பாரே.

இருட்டுமுன் வந்தார். கோட்டைக் கழற்றி, மடித்து, நாற்காலியின் முதுகில் போட்டார். ஜன்னலோர நாற்காலி.

"எத்தன வீடு ஏறி இறங்கினே?" என்றார்.

அவள் பானையைப் பார்த்தாள். "எல்லா வீடும். ரோபெர் வீடு மட்டும் போகல. அவங்க நாய்க்கு என்னப் பிடிக்காது."

"மேசைக்கு எதிர்லதான் நின்னேன். ஒவ்வொரு சீட்டா விரிக்கிறாங்க. பதினோரு குறி நல்லாக் கறுப்பா இருக்கு. என் பேருக்கு நேர ஒண்ணு, சின்னதா, கூச்சப்பட்டுக்கிட்டு. கோயில் வாசல்ல சில்லறை போடற மாதிரி. முதல் பத்து சீட்டு வரைக்கும் சந்தோஷப்பட்டேன். அப்புறம் புரிஞ்சுபோச்சு."

எவெலின் அடுப்பில் கொதித்த பருப்பைக் கிளறினாள்.

"ஒரே ஒரு சீட்டு வேற மாதிரி" என்றார் ஜெரார். "அதுல மத்த இடமெல்லாம் வெள்ளை. ஒரே குறி. என் பேருக்கு. இது செல்லுமான்னு எண்ணுறவரு கேட்டாரு. குறைஞ்சா செல்லும்னு அதிகாரி சொன்னாரு. பென்சில அழுத்தின அழுத்துல பேப்பர் கிழிஞ்சிருந்தது. துணியில வெட்டுக்கோடு போடறவங்க கை அது."

"யாரோ என்னவோ" என்றாள் எவெலின்.

"அத மட்டும் நான் வீட்டுக்கு எடுத்துக்கிட்டு வரணும்னு நினைச்சேன். விடமாட்டாங்க."

அவள் திரும்பிக் கேட்டாள். "உங்களோடது எங்க விழுந்துச்சு? நான் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டேன்."

"எனக்கு நானே போட்டுக்கிறது மரியாதை இல்ல. ஐயாசாமி பக்கம் ஆறு, ரோபெர் பக்கம் ஆறு."

எவெலின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை, அவளுக்கும்தான். ஊர் இரண்டு என்று சொன்னதே தாராளம். அவள் வீடு ஏறாமல் இருந்திருந்தால் ஒன்றே ஒன்றுதான் விழுந்திருக்கும்.

"அப்ப சபைக்குப் போக மாட்டீங்களா?"

"ஏன் போக மாட்டேன்?" ஜெராருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரயில்ல ஏறினவன்கிட்ட டிக்கெட் இருக்கான்னுதான் கார்டு பார்ப்பாரு. யார் வாங்கிக் குடுத்தாங்கன்னு கேக்கிறதில்ல."

மறுநாள் காலை அவள் அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கத்தி தோல்வாரில் உரசும் சத்தம் வந்தது. தண்ணீர் சலசலத்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. கரண்டியை வைத்துவிட்டுப் போய்ப் பார்க்கலாமா என்று அவள் திரும்பியபோது, சீழ்க்கை கிளம்பியது, சுருதி பிசகித்தான்.

சபையில் குழாயை ஐயாசாமி கடை வாசலில் வைக்க வேண்டும் என்றது ஒரு கூட்டம், ரோபெரின் பஸ் கொட்டகைக்கு எதிரே என்றது மறு கூட்டம். ஜெரார் இரு தரப்பின் பிரெஞ்சையும் திருத்தினார். சபை கூடும்போதெல்லாம் எழுந்து நின்று மலையடிச் சந்துக்கே குழாய் வேண்டும் என்று பேசினார். ஒரு வருஷம் கேட்டு அலுத்துப்போய், இந்த மனிதர் உட்கார்ந்தால் போதும் என்று இரண்டு பக்கமும் கை தூக்கிவிட்டன. குழாய் வந்தது. சந்தின் உச்சிக்கு வரவில்லை, பாதி மேடு வரைக்கும் வந்தது. மேலே போகப் பைப் போதவில்லையாம்.

தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். அந்த நேரத்துக்கு ஜெரார் ஆணியிலிருந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, கையில் ரயில்வேக் கடிகாரத்தோடு குழாயடியில் நிற்பார். வரிசை கோணினால் நேராக்குவார். முந்தினால் பின்னுக்கு அனுப்புவார்.

"பாவம்னு ஒரு குறி போட்டது இங்க வந்து நிக்குது" என்றாள் மிரெய், எல்லோர் காதிலும் விழும்படி. "அடுத்த தடவ மிச்சமே வைக்கக் கூடாது."

"பாதி மேடு குறைஞ்சுதில்ல?" என்றாள் அக்கா.

"குறைஞ்சுதுதான். யாரு இல்லன்னாங்க?" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு மிரெய் நடந்தாள்.

எவெலினும் வரிசையில்தான் நின்றாள். சலுகை எதுவும் கிடையாது. அவள் முறை வந்ததும் ஜெரார் கடிகாரத்தைப் பார்த்து, தொப்பியை ஒரு விரலால் தொட்டு, "மதாம், உங்க முறை" என்றார். வாளி நிரம்பிய பிறகுதான் சட்டம் கொஞ்சம் வளைந்தது. கடிகாரத்தை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த பாதி மேட்டுக்கும் வாளியை அவரே தூக்கிக்கொண்டு ஏறினார். வரிசை உடனே கோணிக்கொண்டது.