வியாழன் நான்கு மணி முறை

வியாழக்கிழமை சாயங்காலம் சலவை அறையின் தரையில் ஒரு தட்டளவு தண்ணீர் நின்றது. வீடாக இருந்தால் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் இது அருங்காட்சியகம். கோத்தன்பர்க்கில் டிராம் மேட்டில் ஏறி நிற்கும் இடத்தில் இருக்கும் சிறிய நகர அருங்காட்சியகம். அறுபதுகளில் கட்டிய ஓர் அடுக்ககத்தின் நிலவறையில் இருந்த பொதுச் சலவை அறையை, சுவரில் மாட்டியிருந்த விதித்தாள் உட்பட, அப்படியே பெயர்த்து வந்து அங்கே வைத்திருந்தார்கள். பெயர்த்து வந்தவள் ஹெட்விக். பழைய இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓட வைப்பது அவள் வேலை.

துணியோடு குனிந்தவள் தண்ணீரைத் துடைக்கவில்லை. சலவை இயந்திரத்தின் வட்டக் கதவைத் திறந்து, உள்விளிம்பில் இருந்த ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அந்த வளையம்தான் தண்ணீரை உள்ளே நிறுத்துகிறது. இயந்திரம் 1962-இல் செய்தது. அதற்கான ரப்பரை யாரும் இப்போது செய்வதில்லை. இரண்டு வருடம் தேடி, பூரோஸ் என்ற ஊரில் ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக்கின் நிலவறையில் ஒன்றைக் கண்டுபிடித்து மாட்டியிருந்தாள். தினமும் மூன்று மணிக்கு, வந்திருப்பவர்கள் பார்க்க, ஒரே ஒரு துண்டைப் போட்டு ஓட்டிக் காட்டுவாள். ஒரு துண்டு நனைந்தால் என்ன கனம் வந்துவிடும்? உள்ளே சுற்றும் தொட்டி ஆடாது, ரப்பர் இழுபடாது. நாலு கிலோ படுக்கை விரிப்பு ஊறினால் கதை வேறு. தொட்டி குதிக்கும். ஒவ்வொரு குதிப்பிலும் ரப்பரை ஒரு பக்கமாக இழுக்கும். இப்போது அதில் தலைமுடி போல இரண்டு வெடிப்புகள் தெரிந்தன.

நாலு கிலோ போட்டது யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. யார் எப்போது துவைப்பது என்று குறித்துவைக்கும், சுவரிலிருந்த முறைப் பலகையே சொன்னது.

அந்தப் பலகையில் மேலிருந்து கீழாக முப்பத்தொரு தேதிகள், குறுக்கே நாளுக்கு ஐந்து முறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. வீட்டுக்கு ஒன்றாக, வீட்டு எண் பொறித்த பூட்டு, சுண்டுவிரல் நீளம். வேண்டிய துளையில் அதைச் செருகிச் சாவியைத் திருப்பினால், உள்ளே ஒரு நாக்கு விரிந்து பலகையைப் பின்னாலிருந்து கவ்விக்கொள்ளும். சாவி இல்லாதவர் அசைக்க முடியாது. வீட்டுக்கு ஒரே பூட்டு என்பதால் ஒருவரே நாலு முறைகளை வளைத்துப் போடவும் முடியாது. கண்காணிக்க ஆள் இல்லாமலே இருபத்துநான்கு குடும்பங்கள் அதை வைத்துத் துவைத்துக்கொண்டிருந்தன. அந்த ஏற்பாட்டின் மேல் ஹெட்விக்குத் தனிப் பிரியம் உண்டு.

சிக்கல் என்னவென்றால், சாவியை ஒப்படைத்தவை இருபத்துமூன்று வீடுகள்தான். பதினான்காம் எண் வீட்டு ரூனே ஆல்க்விஸ்ட் ஒப்படைக்கவில்லை. அவருக்கு வயது எண்பத்தொன்று. அவருடைய பூட்டு அடுத்த வியாழனுக்கு, மாலை நான்கு மணித் துளைக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தது. பலகைக்கு மேலே பெரிய எழுத்தில் அருங்காட்சியகமே எழுதி வைத்திருந்தது: "தயங்காமல் பயன்படுத்துங்கள்!"

"அது பலகைக்காக எழுதினது, பெர்னிலா. மெஷினுக்கு இல்ல," என்றாள் ஹெட்விக் மறுநாள் காலையில்.

அருங்காட்சியகத் தலைவி பெர்னிலா காபிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். முடிவு எடுக்க வேண்டி வந்தால் அப்படித்தான் பிடிப்பாள்.

"புரியுது ஹெட்விக். ரொம்ப நல்லாவே புரியுது. ஆனா நாம எழுதினதை நம்பித்தானே அவர் வந்திருக்காரு? இதைப் பத்தி நாம எல்லாரும் என்ன நினைக்கிறோம்னு உக்காந்து பேசணும்."

"நான் என்ன நினைக்கிறேன்னு இப்பவே சொல்றேன். ரப்பர் கிழிஞ்சா அது வெறும் தகர டப்பா."

"இருபத்திரண்டாம் தேதி கூட்டம் போட்டுடலாம்."

"நடுவுல ரெண்டு வியாழன் வருது!"

"அன்னைக்கு ஏலக்காய் பன் சொல்லிடறேன்," என்றாள் பெர்னிலா.

"அதுவரைக்கும் 'மெஷினைத் தொடாதீங்க'ன்னு ஒரு பேப்பராவது ஒட்டட்டுமா?"

"சுவத்துல ஒட்டுறது எதுவா இருந்தாலும் எழுத்துக் குழு பாக்கணுமே. மூணு வாரம் ஆகும்."

பிளக்கைப் பிடுங்கிவிடலாம் என்றால் அறை விளக்குகளும் அதே இணைப்பில் இருந்தன. பூட்டைத் துளைத்து எடுக்கலாம் என்றால், பலகை பதிவேட்டில் ஏறிய காட்சிப்பொருள். ஆணி முனை பட்டாலும் விளக்கம் எழுதித் தர வேண்டும். கடைசியில் ஹெட்விக் விதித்தாளில்தான் ஒரு வழி கண்டாள். முறை தொடங்கி அரை மணிக்குள் துவைக்க வராதவரின் முறை போய்விடும் என்று அதில் இருந்தது. அந்த அரை மணியைக் கடத்தினால் போதும்.

அடுத்த வியாழன் நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ரூனே இரண்டு பெரிய நீலப் பைகளோடு வாசலில் வந்து நின்றார். அங்கே ஹெட்விக் காத்திருந்தாள்.

"வாங்க ரூனே. பையை உள்ள கொண்டுபோக முடியாது. பெட்டகத்துல வெச்சுப் பூட்டணும்."

"எங்க எழுதியிருக்கு?"

காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்வையாளர் விதிகளை முதல் வரியிலிருந்து படித்தார். கைக்குழந்தை வண்டியைப் பற்றிய விதியைக்கூட விடவில்லை.

"நல்லாத் தெளிவா எழுதியிருக்காங்க," என்று பாராட்டினார்.

பெட்டகத்துக்குள் பை நுழையவில்லை. அது நுழையாது என்று ஹெட்விக்குத் தெரியும். முன்தினமே அளந்து வைத்திருந்தாள். வீட்டுக்குப் போய்த் திரும்ப டிராமில் நாற்பது நிமிடம். அதையும் கணக்குப் போட்டிருந்தாள்.

ரூனே சற்று யோசித்தார். பிறகு குனிந்து விரிப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, வெறும் பைகளைச் சுருட்டிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்.

"பைதானே கூடாது? துணின்னு எழுதலையே."

மூன்று விரிப்புகளைக் கையில் அள்ளிக்கொண்டு உள்ளே போனார். வந்து மிச்சம் மூன்றை அள்ளினார். நடுவில் ஒரு தலையணை உறை விழ, ஒரு பார்வையாளர் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தார். சோப்புத்தூள் டப்பாவோடு ரூனே இயந்திரத்தின் முன் நின்றபோது மணி நாலு இருபத்தாறு.

"உங்க கட்டடத்துலதான் புது மெஷின் வந்திருக்கே!" என்றாள் ஹெட்விக். பல்லைக் கடித்துக்கொண்டதில் வார்த்தை பாதிதான் வந்தது.

"வந்திருக்கு. ஆனா முறை பதியறது போன்ல. ராத்திரி பன்னெண்டு மணிக்குத் திறக்குதாம், பன்னெண்டு அஞ்சுக்கெல்லாம் வியாழன் தீந்துடுதாம். எனக்குச் செவ்வாய்க்கிழமை காலைல ஆறரை குடுத்திருக்காங்க. நாப்பத்தி மூணு வருஷமா வியாழன்னா மத்தியானம் பட்டாணி சூப்பு, சாயங்காலம் சலவை. செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு எவன்மா துவைப்பான்?"

"சரி, இங்க வாங்க." அவர் விரலைப் பிடித்து ரப்பர் வெடிப்பின் மேல் வைத்தாள். தொட்டி எப்படிக் குதிக்கும், ரப்பர் எந்தப் பக்கம் இழுபடும், போன வாரத் தண்ணீர் எங்கிருந்து கசிந்தது எல்லாவற்றையும் காட்டினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நன்றாகவே புரிந்துகொண்டார்.

"பாவம். இன்னொரு தடவை போட்டா கிழிஞ்சிடும் போலிருக்கே."

"ஆமா! அதைத்தான் சொல்றேன்!"

"ஆனா முறை என்னோடதும்மா," என்றார் ரூனே.

"ஐயோ! உங்களுக்கு எத்தனை தடவைதான்..."

"குரலை ஏத்தாதீங்க. சலவை அறைல சத்தம் போடக் கூடாது. அஞ்சாம் விதி."

ஹெட்விக் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பாமல் இருந்திருந்தால் ஆறு வேறு விதிகளை மீறியிருப்பாள். கண்ணெதிரே விதித்தாள். பெயர்த்த நாளிலிருந்து நூறு தடவை படித்த தாள். முதல் விதியிலேயே கண் நின்றது.

"ரூனே. முதல் விதியைப் படிங்க."

"'முறை உள்ளவருக்கே மூன்று மணி நேரத்துக்கு அறை உரியது.' அதைத்தான் நானும் சொல்றேன்."

"அறை. மெஷின்னு எழுதலையே."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். மற்ற விதிகளையும், கீழே குடியிருப்போர் சங்கத்தின் கையெழுத்து வரை படித்தார். இயந்திரம் என்ற சொல் எங்கும் இல்லை. சோப்புத்தூள் டப்பா அவர் கையில் மெல்லச் சரிந்தது.

"அறைதான்," என்றார் கடைசியில்.

"அறை ஏழு மணி வரைக்கும் உங்களோடது. யாரும் கேக்க மாட்டாங்க. மெஷின் அருங்காட்சியகத்தோடது." ஹெட்விக் வட்டக் கதவை மூடினாள்.

ரூனே போகவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தச் சிமெண்டுத் தொட்டி அறையோடதுதானே?"

"...ஆமா."

"சுடுதண்ணி வருமா?"

குழாயை இணைத்தவளே அவள்தான். வராது என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொல்ல வாய் வரவில்லை.

"வரும்."

ரூனே கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். சரி, கையால் துவைத்தால் எதற்கும் சேதம் இல்லை என்று ஹெட்விக் தன் வேலையைப் பார்க்கக் கிளம்பினாள்.

"எங்க போறீங்க? தொட்டியோரம் பிழியுற உருளை இருக்கு. எட்டாம் விதி."

பார்க்காமலே அவளுக்குத் தெரியும். உருளையை ஒருவர் தனியாக இயக்கக் கூடாது. கைப்பிடியைச் சுற்றுகிறவரின் மறுகை இரண்டு மர உருளைகளுக்கு நடுவே போய்விடும் என்பதால் ஏற்பட்ட, எந்தக் குறையும் சொல்ல முடியாத விதி.

"ரூனே, நான் இங்க வேலை பாக்குறேன்!"

"தெரியுது. அதனாலதான் உங்களைக் கேக்குறேன்."

வாசலில் பெர்னிலா கோப்பையோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பார்வையாளர்கள். அவள் கண்கள் பளபளத்தன. "ஹெட்விக், இதை ஒவ்வொரு வியாழனும் அப்படியே..."

"இருபத்திரண்டாம் தேதி பேசிக்கலாம்," என்றாள் ஹெட்விக்.

ஐந்தரைக்கு மூன்றாவது விரிப்பு உருளைக்குள் போனது. கோணலாகக் கொடுத்தால் ஓரம் சுருண்டு மடிப்பு நிரந்தரமாகிவிடும். அதனால் ஒருவர் இந்த முனையையும் ஒருவர் அந்த முனையையும் பிடித்து நேராக்கிக் கொடுக்க வேண்டும். முழங்கை வரை நனைந்த ஹெட்விக் இயந்திரத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். கதவு மூடியிருந்தது. அதன் கீழே தரை உலர்ந்து கிடந்தது.

"உங்க பக்கம் தொங்குதும்மா."

"தொங்கலை."

"தொங்குது. இழுங்க."

ஹெட்விக் இழுத்தாள்.