சுவரைத் தாண்டாத பேச்சு

விடியுமுன்பே சலவைக்கூடம் கொதித்துக்கொண்டிருந்தது. நனைந்த ஆஸ்பத்திரி விரிப்புகள் பிணக்கனம் கனத்தன. பெரியவள் ஒரு முனையைத் தூக்க, அவள் தங்கை மறுமுனையைப் பிடித்துச் துணியை உலர்த்தித் தேய்க்கும் சுடும் உருளைக்குள் கொடுத்தாள். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். நின்றால் முதலாளிக்கு வயிறு எரியும். ஆகவே கம்பியை அசையாமல் துணியால் கட்டிவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். எல்லோரும் முறைவைத்துக் கட்டினார்கள். அன்றைக்குத் தங்கையின் முறை.

ஈரத்துணி அவள் கையைச் சுற்றி உள்ளே இழுத்தது. பாய்லர்காரர் ஓடிவந்து விசையை அணைப்பதற்குள் கை வெந்து நசுங்கிவிட்டது. அந்த விரிப்பை மறுபடி வெளுத்து அனுப்பச் சொன்னார் முதலாளி.

"கம்பியைக் கட்டினது அவதானே? அவ தப்பு" என்று வைத்தியச் செலவுக்கும் கையை விரித்தார். தொழிலாளர்கள் முறுக்கிக்கொண்டதும் ஒரு மத்தியஸ்தரை வரவழைத்தார்.

தேனொழுகப் பேசுகிற மனிதர். பெரியவளை ஓர் அறையிலும் மற்றவர்களை அடுத்த அறையிலும் உட்கார வைத்தார். "தனித்தனியாப் பேசினாத்தான் மனசு திறக்கும்மா. இங்க பேசுறது இந்தச் சுவரைத் தாண்டாது."

இரண்டு அறைக்கும் போய்ப் போய் வந்தவர், கடைசியில் நாற்காலியை நெருக்கிப் போட்டார். "கம்பியை உன் தங்கச்சி தன்னிஷ்டத்துக்குத்தான் கட்டினான்னு அங்க எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. நீயும் சொல்லிட்டா உன் வேலையாவது மிஞ்சும். இன்னைக்கு ஆஸ்பத்திரியில அவ கையை எடுக்கப் போறாங்களாமே? சீக்கிரம் முடிச்சா பக்கத்துல போய் இருக்கலாம்."

பெரியவள் அடுத்த அறைச் சுவரை முறைத்தாள். பாவிகள்! அவர்களும் கட்டியவர்கள்தானே? "சரி" என்று சொல்ல வாயெடுத்தாள். சட்டென்று எழுந்தாள். முகம் கழுவ வெளியே போனாள்.

குழாயடியில் நின்ற பாய்லர்காரர் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏண்ணே, இப்படிக் கழுத்தறுத்துட்டீங்களே?"

"நாங்களா? கூடப் பொறந்த நீயே அவ தப்புன்னு சொல்லிட்டியாமே! அப்புறம் நாங்க என்னத்தப் பேச?"

"நான் எதுவும் சொல்லலையே! நீங்கதான் ஒத்துக்கிட்டீங்கன்னு எங்கிட்ட சொன்னார் அந்த மத்தியஸ்தர்." பெரியவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடுத்த அறையிலிருந்த அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு அவள் முதலாளியின் கதவைத் தள்ளினாள். "இது முறை இல்லம்மா..." என்று பின்னாலேயே ஓடிவந்தார் மத்தியஸ்தர்.

"உங்க முறையைப் பார்த்துட்டோம் சார். இனி எல்லார் முன்னாலயும் பேசுங்க."

முதலாளி அசையவில்லை. "நாளைக்கே வேற ஆள் போடுவேன். கையில்லாத ஒருத்திக்காக எல்லாரும் தெருவுல நிக்கப் போறீங்களா?"

"நிப்போம்" என்றார் பாய்லர்காரர். "அவளுக்கு ஒரு வழி பண்ற வரைக்கும் பாய்லர் எரியாது."

"போலீசைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க."

எல்லோரும் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பெரியவள் மட்டும் கதவருகே தவித்து நின்றாள். துணி மடிக்கிறவள் உட்கார்ந்தபடியே அவள் கையை எட்டித் தொட்டாள்.

"அவ கண் முழிக்கிறப்ப நீ பக்கத்துல இருக்கணும்க்கா. போ. நீ வர்ற வரைக்கும் இங்கேருந்து ஒருத்தரும் எந்திரிக்க மாட்டோம்."

பெரியவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.